தோரி நோ இச்சி

தோக்கியோவிலும் சுற்றுவட்டாரத்திலும் நவம்பர் மாதச் சேவல் நாட்களில் கூடும் ஆலயத் திருவிழாச் சந்தை. வணிகம் செழிக்க வேண்டி நடத்தப்படுவது. நாட்களைப் 12 விலங்குகளின் பெயரால் எண்ணும் பழைய கணக்கில் சேவல் நாள் 12 நாளுக்கு ஒருமுறை வருவதால், விழா சில ஆண்டுகளில் இரண்டு முறையும் சில ஆண்டுகளில் மூன்று முறையும் அமையும். மூன்று வந்தால் அவ்வாண்டு தீ விபத்து மிகும் என்பது பழைய நம்பிக்கை.

தோற்றம் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. புராண வீரர் யமாத்தோ தக்கேரு போரில் வென்று, பைன் மரத்தில் சருகு வாரும் மூங்கில் வாரியைச் சாத்தி நன்றி செலுத்தியது சேவல் நாளில் என்பது தோக்கியோவின் அசாகுசா ஓதோரி ஆலயத்தின் மரபு. அடுத்துள்ள சோகோகுஜி பௌத்தக் கோயிலோ மியோகென் போதிசத்துவர் வழிபாட்டையே மூலமாகச் சொல்கிறது. இன்றைய அடாச்சி வட்டத்திலுள்ள ஹனமத்தா கிராமத்தின் அறுவடை விழாவே முன்னோடி எனக் கருதுவோரும் உண்டு. அங்கு உழவர்கள் காணிக்கையாகத் தந்த கோழிகள் பின்னர் அசாகுசாவின் சென்சோஜி கோயில் முன் விடப்பட்டனவாம். விழாவோடு ஒட்டி வளர்ந்த சூதாட்டம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தடைசெய்யப்பட்டதும் கூட்டம் அசாகுசா பக்கம் திரும்பியது.

அசாகுசா சந்தையின் ஏற்றத்துக்கு யோஷிவாரா கணிகையர் பேட்டை பக்கத்திலிருந்ததும் காரணம். வழக்கமாகப் பெருவாயில் ஒன்றையே திறந்துவைக்கும் அப்பேட்டை, விழா நாட்களில் மற்ற வாயில்களையும் திறந்தது. ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட அச்சோவியம் அக்காலத்தின் சிறந்த சான்று: பேட்டை வீடொன்றின் சாளரத்தில் வெள்ளைப் பூனை உட்கார்ந்திருக்கிறது, வயலுக்கு அப்பால் விழாக்கூட்டம் எறும்புச் சாரையாய் நகர்கிறது, தரையில் வாரி வடிவக் கொண்டை ஊசிகள். ஓவியர் விழாவைத் தொலைவில் வைத்துவிட்டுப் பூனையை முன்னிறுத்தியது குறிப்பிடத்தக்கது.

சந்தையின் முதன்மைப் பொருள் செல்வத்தை வாரித் தரும் எனப்படும் அந்த மூங்கில் வாரியே. சருகு வாரும் எளிய கருவியாக விற்கப்பட்டது, நாளடைவில் ஓகாமே என்னும் பெண்முக முகமூடி, பொற்காசு, கொக்கு, ஆமை என அலங்காரம் பெற்றது. வாங்குபவர் விடாமல் பேரம் பேசுவார். குறைத்த தொகையைக் கடைக்காரருக்கே அன்பளிப்பாக விட்டுவிடுவது பெருந்தன்மை. பேரம் முடிந்ததும் கடையார் அனைவரும் தாளத்தோடு கைதட்டுவர். ஆண்டுதோறும் முந்தையதைவிடப் பெரிய வாரி வாங்குவது முறை. அவித்த சேப்பங்கிழங்கும் விற்கப்பட்டது. உண்டவர் தலைமைப் பதவி பெறுவார் என்றனர்.

1868இல் அரசாணையால் ஓதோரி ஆலயமும் சோகோகுஜி கோயிலும் தனித்தனியாயின. பின்னாளில் அருகில் குடியிருந்த எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோ, தம் ‘தக்கேகுராபே’ புதினத்தில் இவ்விழாவையும் வாரி செய்து பிழைத்த அக்கம்பக்கத்தாரையும் பதிவுசெய்தார்.

இப்போது ஷின்ஜுகுவின் ஹனசோனோ ஆலயத்திலும் பெருங்கூட்டம் சேர்கிறது. பழைய வாரியை ஆலயத்தில் ஒப்படைத்துவிட்டே புதியதை வாங்குகின்றனர்.