இரு சூரியோதயப் பிரயாணம்

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதனால் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே நடந்துவந்த ஆகாய மார்க்கம் நடுவில் துண்டிக்கப்பட்டது. அதைத் திரும்பவும் தொடுப்பதற்காக ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானக் கம்பெனியார் 1943 ஜூன் மாதத்தில் மேற்கொண்ட காரியம், பெர்த் நகரின் ஸ்வான் நதியிலிருந்து புறப்பட்டு, சத்துரு சஞ்சாரம் மிகுந்த இந்து மகாசமுத்திரத்தை எங்கும் இறங்காமல் கடந்து, இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரியை அடைவதாகும். தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீட்டர்.

இதற்கு வாய்த்தவை ஐந்து கட்டலினா கடல் விமானங்கள். அவசியமற்ற சாதனங்களையெல்லாம் கழற்றிவிட்டு அந்த எடைக்கும் பெட்ரோலையே நிரப்பியபடியால், மூன்று பிரயாணிகளுக்கும் சுமார் 69 கிலோ தபாலுக்கும் மேல் ஏற்ற இடமிருக்கவில்லை. மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் என்னும் நிதானத்தில் பறந்தால்தான் அந்தப் பெட்ரோல் கரைவரை காணும். ஆகவே பிரயாணம் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை நீடித்தது. காலையில் ஒரு சூரியோதயத்தையும், மறுநாள் ஆகாயத்திலேயே இன்னொரு சூரியோதயத்தையும் கண்டவர்களுக்கு, 'இரு சூரியோதய ரகசியச் சங்கம்' என்ற பெயரில் அத்தாட்சிப் பத்திரம் ஒன்றும் வழங்கினார்கள்.

இருளில் வழிகாட்டியின் உத்தியோகமே எல்லாவற்றிலும் கடினமானது என்பது என் எண்ணம். வானொலியில் பேசினால் சத்துரு அறிந்துகொள்வான். ஆதலால் செக்ஸ்டண்ட் கருவியைக் கண்ணில் பொருத்தி, ஆடும் விமானத்திலிருந்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, அவற்றின் உயரத்தையும் கடிகாரத்தையும் வைத்துத் தாம் இருக்கும் இடத்தை அவர் கணித்தாக வேண்டும். நம் பஞ்சாங்கம் சித்திரை, கேட்டை, திருவோணம் என்று வழங்கும் நட்சத்திரங்களின் ஆங்கிலப் பெயர்களை அவ்விமானங்களுக்குச் சூட்டியது எவ்வளவு பொருத்தம்!

கொக்கல வாசிகள் கொடுத்த விலையையும் இங்கே சொல்லாமலிருப்பது நியாயமன்று. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த அந்தக் கிராமத்தின் ஜனங்கள், யுத்தகாலத்தில் விமானத்தளம் அமைப்பதற்காகத் தங்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

1945 ஜூலை வரையில் இவ்விமானங்கள் 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தும் ஓர் உயிர்கூடச் சேதமாகவில்லை. இரவலாகப் பெற்ற விமானங்களாதலால், யுத்தம் முடிந்தபின் ஒப்பந்தப்படி அவற்றைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். 2018 முதல் பெர்த்திலிருந்து லண்டனுக்கு, ஏறக்குறைய 14,500 கிலோமீட்டரை, விமானங்கள் சுமார் 17 மணி நேரத்தில் நேரே கடக்கின்றன. ஆயினும் கட்டலினா ஒன்று 32 மணி 9 நிமிஷம் இறங்காமல் பறந்ததே. பிரயாணிகளை ஏற்றிக் காலக்கிரமப்படி நடக்கும் விமான சேவைகளில் அவ்வளவு நேரம் பறந்தது இன்றுவரை வேறெந்தச் சேவையும் இல்லை.