கிரேப்ஃப்ரூட் சாறும் மருந்துகளும்

பழச்சாறுகளுக்கும் மருந்துகளுக்கும் இடையிலான வினைகளில் மிக விரிவாக ஆராயப்பட்டது கிரேப்ஃப்ரூட் சாற்றின் விளைவு. குடற்சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 என்னும் நொதியை இச்சாறு முடக்குவதால், வாய்வழி உட்கொள்ளும் சில மருந்துகளின் அளவு இரத்தத்தில் பல மடங்கு உயர்ந்துவிடுகிறது.

இது தற்செயலாகத் தெரியவந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் டேவிட் பெய்லியின் குழுவினர், இரத்த அழுத்த மருந்தான ஃபெலோடிபினோடு மதுசாரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தனர். மதுசாரத்தின் சுவை தெரியாதிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. காரணம் மதுசாரமல்ல, சாறுதான் என்பது பின்னர் உறுதியாயிற்று. 1991இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த அவர்களது ஆய்வில், தண்ணீரோடு விழுங்கியபோது கலந்ததைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு மருந்து இரத்தத்தில் கலந்திருந்தது.

விழுங்கிய ஃபெலோடிபினில் வழக்கமாகச் சுமார் 15 விழுக்காடே இரத்த ஓட்டத்தை முழுதாக எட்டும். மற்றது குடற்சுவரிலும் கல்லீரலிலும் சிதைந்துபோகும். இந்த இழப்பையும் கணக்கிட்டுத்தான் மாத்திரையின் அளவை வகுக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டிலுள்ள பெர்கமோட்டின் முதலிய ஃபியூரனோகூமரின்கள் அந்தக் கணக்கைக் குலைக்கின்றன. நொதி இவற்றைச் சிதைக்க முற்படும்போது உண்டாகும் விளைபொருள் நொதியோடே பிணைந்து அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறது. குடல் புதிய நொதியை ஆக்கிக்கொள்ளும்வரை, அதாவது ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை, விளைவு நீடிக்கும். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் ஆபத்தானது. இந்த விளைவு உண்டாக ஒரே ஒரு குவளையே போதுமானது. வழக்கமான அளவில் அருந்தும் சாறு கல்லீரலிலுள்ள நொதியை அதிகம் பாதிப்பதில்லை. அதனால் சிரைவழி ஊசியாகச் செலுத்தும் மருந்துகளில் இந்த விளைவு பெரிதாகத் தெரிவதில்லை.

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் மிகுந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகலாம். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றிலும் சாறு சேரவே கூடாது. ஆனால் ஒரே வகை மருந்துகள் எல்லாம் ஒன்றுபோல் பாதிக்கப்படுவதில்லை: கொழுப்பைக் குறைக்கும் மற்றொரு மருந்தான ரோசுவாஸ்டாட்டின் இந்த நொதியைப் பெரிதும் நம்பியிருப்பதில்லை, இரத்த அழுத்தத்துக்காகப் பலரும் உட்கொள்ளும் அம்லோடிபினில் விளைவு மிகச் சிறிது.

தமிழ்நாட்டில் கிரேப்ஃப்ரூட் அரிது என்பதால் இதைப் புறந்தள்ளிவிட முடியாது. நம் ஊரில் விளையும் பம்பளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்ததே கிரேப்ஃப்ரூட். பம்பளிமாஸிலும் ஃபியூரனோகூமரின்கள் உண்டு. மர்மலேடுக்குப் பயன்படும் செவில் ஆரஞ்சிலும் உண்டு.

இதற்கு நேரெதிரான விளைவும் இருக்கிறது. ஒவ்வாமைக்கான ஃபெக்ஸோஃபெனடினைக் குடலிலிருந்து உள்ளே கொண்டுசெல்லும் கடத்துபுரதத்தைக் கிரேப்ஃப்ரூட், ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் தடுக்கின்றன. மருந்து போதிய அளவு இரத்தத்தில் சேர்வதில்லை. இந்தத் தடை சில மணி நேரமே நீடிக்கும் என்பதால் இங்கே இடைவெளி உதவும். அம்மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே அச்சிட்டிருப்பது இதனால்தான்.