கொடைக்கானலின் பாதரசம் எங்கே போனது?

1/ கொடைக்கானல் ஏரித் தண்ணீரை டம்ளரில் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். "அப்புறம் என்ன டாக்டர், பாதரசம் பாதரசம்னு பயமுறுத்துறீங்க?" என்று கேட்பவர்களுக்காக இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஊரில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையை பாண்ட்ஸ் நிறுவனம் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்தான்.

3/ 2001 மார்ச். மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது.

4/ கதை முடிஞ்சுதா? இல்லை. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அதன் துளியை விழுங்கினால் குடல் பெரும்பாலும் அப்படியே வெளியே தள்ளிவிடும். ஆவியை மூச்சில் இழுத்தாலோ சுமார் 80% ரத்தத்தில் கலக்கும். கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் இதன் விளைவுகள்.

5/ ஆலையில் இருந்து கிளம்பிய பாதரசத்துக்கு இரண்டு வழி. ஒன்று காற்று: ஆவியாகப் போய், மழையோடு ஏரியிலும் காட்டிலும் இறங்கும். இன்னொன்று சரிவு: ஆலைக்குக் கீழே பாம்பார் சோலை. மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு அங்கேதான் இறங்கும்.

6/ இப்போ முக்கியமான விஷயம். தண்ணீரில் விழுந்த பாதரசம் உப்பு மாதிரி கரைந்து சமமாகப் பரவாது. மிதக்கும் வண்டல் துகள்களிலும் மக்கிய இலைத்தூளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மக்கில் உள்ள கந்தகத்தோடு அதற்கு அப்படியொரு பிடிப்பு.

7/ எவ்வளவு ஒட்டும்? ஒரு கிலோ தண்ணீரில் கரைந்திருப்பதைப் போல பத்தாயிரம் மடங்கு, சில இடங்களில் பத்து லட்சம் மடங்கு கூட, ஒரு கிலோ துகளில் இருக்கும். டிடிடி மாதிரி மக்காத பூச்சிமருந்துகளும் இப்படித்தான். காரணம் மட்டும் வேறு. அவற்றுக்குத் தண்ணீர் ஆகாது, மக்கில் உள்ள கரிமப் பொருளில் ஒதுங்கிக்கொள்ளும்.

8/ துகள் கனத்தால் அடியில் படியும். தண்ணீர் தெளியும். நாம் நிம்மதி அடைவோம். நஞ்சு சேற்றில் இருக்கும்.

9/ அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வக விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. கொடை ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம். பேரிஜம், குக்கல் ஏரிகளில் இதைவிடக் கணிசமாகக் குறைவு.

10/ நம் நாட்டுக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 1000 நானோகிராம். அதாவது தண்ணீரை மட்டும் சோதித்தால் கொடை ஏரி பாஸ்! சேற்றைச் சோதித்தால்தான் விஷயம் தெரியும்: அதிலிருந்த பாதரசத்தில் சுமார் 6% மெத்தில் பாதரசம். குக்கலில் 2% மட்டுமே.

11/ காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள்தான் இந்த மாற்றத்தைச் செய்கின்றன. மெத்தில் பாதரசம் மீன் உடலில் சேர்ந்துகொண்டே போகும். சாப்பிடும் கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியைத் தாண்டி சிசுவின் மூளைக்குப் போகும். 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட கொடுமை இதே பொருளால்தான்.

12/ 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்து பணம் கொடுத்தது. மனிதாபிமான அடிப்படையில் என்றது. ஆலையால் உடல்நலக் கேடு வரவில்லை என்பதே அதன் நிலைப்பாடு.

13/ மண்ணுக்கோ, கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை சுத்தம் செய்தால் போதும் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று மக்கள் போராடினார்கள். ஏன் என்று இப்போ புரியும். சரிவில் மிச்சமிருக்கும் மண் ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் துகளாகக் கீழே இறங்கும். பாம்பாறு ஓடிச் சேருவது கும்பக்கரை அருவிக்கு.

14/ அதனால் ஒரே வேண்டுகோள். எந்த ஊர் ஆலைக் கழிவாக இருந்தாலும் சரி, "தண்ணீர் ரிப்போர்ட் நார்மல்" என்று யாராவது காகிதத்தை நீட்டினால், அடுத்த கேள்வியைக் கேளுங்க: "சேத்துக்கும் மீனுக்கும் ரிப்போர்ட் எங்க சார்?"