எண்ணெயும் இருபத்தொரு தீவுகளும்

ஒருவர் மகா சாமர்த்தியசாலி என்று சொல்ல வேண்டுமானால், "ஆள் சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவில் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு வீசிவிட்டு மாயமாய் மறைந்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. குண்டுக்குப் பயந்து பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடிய கதையைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த இரவில் எரிந்தவை எவை என்பதுதான் பலருக்கும் நினைவில்லை. பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள்தான் எரிந்தன. கடல் வழியே வந்து கடற்கரையில் தேங்கியிருக்கும் எண்ணெய், ஒரு நாள் கரைக்கே வினையாக முடியலாம் என்ற பாடத்தைத் தமிழ்நாடு கற்றுக்கொண்டது அன்றுதான். கற்றுக்கொண்டதை நாம் மறந்துவிட்டோம் என்பது வேறு விஷயம்.

நான் இதை எழுதுவது டி. கல்லுப்பட்டியில். கரிசல் பூமி. பருத்தியும் சோளமும் விளையும் ஊர். கடலைப் பார்க்க வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தூத்துக்குடிக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலில் கொட்டும் எண்ணெயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை இந்த ஊரிலேயே இருக்கிறது.

இங்கே 1940-ல் காந்தி நிகேதன் ஆசிரமம் தொடங்கப்பட்டது. ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது அந்த ஆசிரமத்தில்தான். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்து, பிறகு காந்தியடிகளிடம் வந்து சேர்ந்த மனிதர் அவர். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், அவரும் மறைந்தார். நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதிய ஆங்கில நூல் 1945-ல் வெளிவந்தது.

உலகத்துச் செல்வங்களைக் குமரப்பா இரண்டாகப் பிரித்தார். ஒன்று தேங்கிய செல்வம். நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு போன்றது. எடுக்க எடுக்கக் குறையும். மற்றொன்று ஓடும் செல்வம். மழை, வெயில், மரம், பயிர் போன்றது. அளவறிந்து எடுத்தால் மறுபடி மறுபடி வரும். தேங்கிய செல்வத்தை நம்பி வாழும் சமூகம் அதற்காகச் சண்டை போட்டே தீரும் என்பது அவருடைய கட்சி. அவர் சார்ந்திருந்த கிராமக் கைத்தொழில் சங்கத்தார், மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கைக்கூடச் செய்து பரப்பினார்கள். பெட்ரோலிய யுகத்தில் அகல் விளக்கா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு.

ஓடும் செல்வத்தின் மேல் தேங்கிய செல்வம் கவிழ்ந்தால் என்ன ஆகும்? அதைக் கண்ணால் பார்க்கக் கூடிய இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அதுதான் மன்னார் வளைகுடா.

ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையில், சுமார் 140 கிலோமீட்டர் நீளத்துக்கு, கோத்த மாலையைப் போல் 21 சிறு தீவுகள் கிடக்கின்றன. குருசடை, மனோலி, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு, காரியாசல்லி, வான் தீவு என்று பெயர்களே அழகானவை. பெரும்பாலும் கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவை. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள். அவற்றை அடுத்துக் கடற்புல் வெளிகள். அந்தப் புல்லை மேய்கிற கடற்பசு. நம் மீனவர்கள் அதை 'ஆவுளியா' என்கிறார்கள். குருசடைத் தீவின் உயிரினங்களைச் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தார் ஆராய்ந்து 1927-லேயே நூலாக வெளியிட்டார்கள். 1986-ல் இந்தத் தீவுகள் கடல் தேசியப் பூங்கா ஆயின. 1989-ல் வளைகுடாவில் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வரைபடத்தில் 21 தீவுகள்; கண்ணுக்குத் தெரிபவை 19. பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனதற்குக் கடல் வாங்கிய வட்டி என்று இதைச் சொல்லலாம். வான் தீவு தேய்வதைத் தடுக்கக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியிருந்தது. இப்படி ஏற்கெனவே நோயாளியாய்க் கிடக்கும் இடம், எண்ணெய் வந்தால் தாங்குமா?

கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்யக் கூடாது என்பதை உலகம் 1967-ல் தெரிந்துகொண்டது. அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி 'டோரி கான்யன்' என்ற கப்பல், இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கும் சில்லித் தீவுகளுக்கும் நடுவே ஒரு பாறையில் மோதிற்று. அதில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் இருந்தது. அதிகாரிகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விமானங்களை அனுப்பிக் கப்பலின் மேல் குண்டு போட்டு எண்ணெயை எரித்தார்கள். கரையெல்லாம் டன் டன்னாக ரசாயனச் சோப்பைத் தெளித்தார்கள். பிற்பாடு விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தபோது, எண்ணெய் மட்டும் பட்ட பாறைகளில் சில ஆண்டுகளில் உயிர் திரும்பியிருந்தது. சோப்புத் தெளித்த பாறைகளிலோ அதைவிடப் பல ஆண்டுகள் அதிகம் பிடித்தது. நோயைவிட வைத்தியம் கொடியதாகப் போயிற்று.

இதிலே நமக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. ஆழ்கடலில் ரசாயனம் தெளித்தால் எண்ணெய் பொடித்துளிகளாகிப் பெருநீரில் கலந்து நீர்த்துப் போகும். ஆழமற்ற பவளப்பாறையின் மேல் தெளித்தாலோ, மேலே மிதந்து கடந்து போயிருக்க வேண்டிய எண்ணெயை நாமே கீழே இறக்கிப் பவளத்தின் வாயில் ஊட்டியதாகும். எந்த இடத்தில் தெளிக்கலாம், எந்த இடத்தில் தொடவே கூடாது என்பதை விபத்து நடந்த ராத்திரியில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நம் தேசத்துக்கு அந்த யோசனை வந்ததும் தீவுகளின் பக்கத்திலிருந்துதான். 1993 ஜனவரியில், சுமத்ராவுக்கும் நிக்கோபாருக்கும் இடையிலுள்ள கடலில் 'மேர்ஸ்க் நேவிகேட்டர்' என்ற பெரிய எண்ணெய்க் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. எண்ணெய்ப் படலம் நிக்கோபார் தீவுகளின் திசையில் நகர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு கடலோரக் காவல் படைக்கு. எழுநூறு டன் வரை ஒரு படி, பத்தாயிரம் டன் வரை இரண்டாம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி என்று கணக்கு வகுத்தார்கள். மும்பை, சென்னை, போர்ட் பிளேர், வாடினார் ஆகிய இடங்களில் இதற்கென்றே மையங்கள் ஏற்பட்டன.

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் தூத்துக்குடிக்குச் சென்னை சுமார் அறுநூறு கிலோமீட்டர். பெரிய கப்பல் கடல் வழியே வர வேண்டுமானால், பாம்பனில் ஆழமில்லாமையால் இலங்கையையே சுற்றி வர வேண்டும். மன்னார்த் தீவுகளில் முதல் நாள் வேலையை, தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் கையில் இருப்பதைக் கொண்டுதான் செய்தாக வேண்டும். வெளியூர் உதவி இரண்டாம் நாளுக்கு உரியது.

முதல் நாள் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அது ஒரு சின்னக் கணக்கு. கடலின் மேல் மிதக்கும் எண்ணெய், காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வேகத்தில் நகரும் என்பது அனுபவ விதி. மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றடித்தால், எண்ணெய் ஒரு நாளில் 14 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். நீரோட்டமும் கூடச் சேர்ந்தால் இன்னும் வேகம். தீவின் அருகே கப்பல் ஒன்று தட்டினால், ஒரு பகலும் ஓர் இரவும்தான் நமக்குத் தவணை.

'அப்படியெல்லாம் இங்கே நடக்காது' என்று சொல்லலாம். 2005-ல் சேது சமுத்திரத் திட்டத்தை மதுரையில் தொடங்கிவைத்தபோது, கால்வாயில் கப்பல் போனால் எண்ணெய் கசியுமே என்ற அச்சத்தை விஞ்ஞானிகள் எழுப்பினார்கள். கால்வாய் முடியவில்லை. ஆயினும் எண்ணெய்க் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் 'நியூ டயமண்ட்' என்ற கப்பல், குவைத்திலிருந்து பாரதீப்புக்குச் சுமார் 2,70,000 டன் கச்சா எண்ணெயோடு போகையில், இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பிடித்தது. கப்பல் சிப்பந்தி ஒருவர் உயிரிழந்தார். இரு தேசத்துக் கப்பல்களும் போராடித் தீயை அணைத்தன. சரக்கு எண்ணெய் தப்பியது. 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. கடலுக்கு ஜில்லா எல்லை தெரியாது.

2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய பாதிப்பு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். சில நாட்களில் கரையிலிருந்து நூறு டன்னுக்கு மேல் எண்ணெய்ச் சகதியை வார வேண்டியிருந்தது. வாரிய கருவி என்ன தெரியுமா? வாளி. மீனவர்களும் மாணவர்களும் வரிசையாக நின்று வாளியை ஏந்திய படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோதும், படகை எடுத்துக்கொண்டு எண்ணெய் அள்ளப் போனவர்கள் மீனவர்களே.

எங்கே விபத்து நடந்தாலும் கடைசியில் கூப்பிடப்படுகிறவர்கள் அவர்கள்தான் என்றால், திட்டம் போடும்போதே ஏன் முதலில் கூப்பிடக் கூடாது? நான் கேட்க நினைப்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

மண்டபத்தில் ஒரு முறை வயதான படகுக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "எண்ணெய் வந்தால் எந்தத் தீவுக்கு முதலில் போகும், அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எந்தக் காத்துன்னு சொல்லுங்க, எந்தத் தீவுன்னு சொல்றேன்" என்றார். கச்சான் அடிக்கும் காலத்தில் ஒரு விதம். வாடை அடிக்கும் காலத்தில் வேறு விதம். நீரோட்டமும் பருவத்துக்குப் பருவம் திசை மாறும். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் எண்ணெய் போகும் திசையைக் கணக்கிட்டுச் சொல்கிறது, அது அவசியமே. ஆனால் தீவுக்கும் பாறைக்கும் நடுவே உள்ள சந்துகளில் தண்ணீர் எப்படித் திரும்பும் என்பது வத்தை ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். பாசி எடுக்கத் தலைமுறை தலைமுறையாகத் தீவுகளுக்குப் போன பெண்களுக்கும் தெரியும். தேசியப் பூங்கா ஆன பிறகு அவர்கள் அங்கே போகத் தடை. தடைக்குக் காரணம் உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலிக்கு வெளியே நிறுத்தி வைத்தவர்களைத் தீப்பிடித்த அன்று மட்டும் தண்ணீர்க் குடத்தோடு வா என்பது என்ன நியாயம்?

ஒரு தீவுத் திட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது சின்னப் பட்டியல்தான். முதலில் காப்பாற்ற வேண்டிய பாறை, கடற்புல், அலையாத்தி மரங்கள் ஆகியவற்றைக் குறித்த படம். பருவத்துக்கு ஒன்றாக இரண்டு படங்கள் வேண்டும். எந்த வாய்க்காலில் மிதவைத் தடுப்புப் போட வேண்டும், எந்த மணலில் எண்ணெயை ஒதுங்கவிட்டு வாரலாம் என்ற குறிப்பு. எந்த ஊரில் யாருடைய படகு, என்ன கூலி, என்ன கையுறை என்ற விவரம். வாரிய சகதியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற முடிவு. ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை.

2020-ல் தமிழ் வழியினர் பலர் வாழும் மொரீஷியஸ் தீவில் 'வகாஷியோ' என்ற கப்பல் ஜூலை 25-ஆம் தேதி பவளப்பாறையில் ஏறி நின்றது. எண்ணெய் கசியத் தொடங்கியது ஆகஸ்டு 6-ஆம் தேதி. நடுவில் பன்னிரண்டு நாட்கள்! கசிந்த பிறகு ஜனங்கள் தாங்களாகவே கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து மிதவைகள் செய்தார்கள். மனத்தை உருக்கும் காட்சிதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் தையல் ஊசி சும்மா இருந்ததே என்று எனக்குத் தோன்றுகிறது.

கரும்புச் சோகையைப் பற்றிப் படித்தபோது எங்கள் கரிசலின் நினைவு வந்தது. 2013-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். முற்றாத மட்டப் பஞ்சு, நூற்புக்கு உதவாதென்று ஆலைக்காரர் ஒதுக்கும் பஞ்சு, தன் எடையைப் போல் முப்பது மடங்கு எண்ணெயை உறிஞ்சுமாம். இலவம்பஞ்சும் தண்ணீரை விலக்கி எண்ணெயைப் பிடிக்கும் குணமுடையது. கல்லுப்பட்டி வட்டாரத்துக் கழிவுப் பஞ்சைத் திணித்துத் தைத்த மெத்தைகள் தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்குமானால், குமரப்பா சொன்ன ஓடும் செல்வம் தேங்கிய செல்வத்தின் தீமையைத் தடுக்கப் போனதாகும். பெருங்கசிவுக்கு இது போதாது என்பதை அறிவேன். முதல் நாளுக்குப் பயன்படும்.

மழைக்கு முன்பே கூரையைப் பிரித்து வேய்வது நம் கிராமத்து வழக்கம். மழை கொட்டும்போது ஓலை தேடுகிறவனை ஊர் மதிப்பதில்லை. கடலில் இன்று எண்ணெய் இல்லை. தீவுகள் பத்தொன்பதும் வெயிலில் கிடக்கின்றன. கூரை வேய ஏற்ற நாள் இதுதான்.