நந்தா விளக்கிலிருந்து நஷ்ட ஈடு வரை

சேக்கிழாரின் குன்றத்தூர் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. தேர்க்காலில் கன்றை இழந்த பசுவின் கதையை விரித்துப் பாடியவர் அவர். அக்கதையின் மன்னன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாகவும் நிற்கிறான். ஆயினும் அக்கதையில் தண்டனை இருக்கிறதே ஒழிய ஈடு இல்லை. பசுவுக்குக் கன்று மீள்வது அரசனால் அன்று, இறையருளால். வண்டி மோதி ஓர் உயிரோ உறுப்போ போனால் எஞ்சியவர்க்கு என்ன தருவது என்ற கேள்வி நம் சட்டத்துக்குள் மிகத் தாமதமாகவே நுழைந்தது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் அதற்கு ஒரு முன்வடிவம் உண்டு. வேட்டையில் குறி தவறிய அம்பு யார்மீதேனும் பாய்ந்து அவர் இறந்துபோனால், அது வேண்டுமென்று செய்த கொலையன்று எனக் கண்டு, எய்தவன் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்கவேண்டும் என ஊராரோ நாட்டாரோ தீர்ப்பளித்த செய்திகள் பல. தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். குட்டி ஈன்று தொகை குறையாமல் நிற்பதால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. முதல் அப்படியே நிற்க, நெய் மட்டும் செலவாகும். ஏற்பாடு அழகானதுதான். ஆனால் நெய் போனது கோயிலுக்கு. இறந்தவனின் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கல் நமக்குச் சொல்வதில்லை.

ஆங்கிலேயச் சட்டமும் வெகுகாலம் கைவிரித்தே இருந்தது. கோச்சு வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்தவர் தொடுத்த வழக்கில், மனித மரணத்துக்கு உரிமையியல் மன்றத்தில் நட்டம் கோர முடியாது என்று 1808இல் லண்டனில் தீர்ப்பாயிற்று. இரயில் வண்டிகள் பெருகிய பிறகே, 1846இல், அவ்விதி தளர்ந்தது. இந்தியாவுக்கு அது 1855இல் சட்டமாக வந்தது. 1939இன் மோட்டார் வாகனச் சட்டம் விதித்த கட்டாய மூன்றாம் நபர்க் காப்பீடு 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 1956இன் திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழிசெய்தது. தவறு யாருடையது என்று பாராமல் ஒரு சிறு தொகையேனும் தரவேண்டும் என்ற விதி வர 1982 ஆயிற்று: மரணத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500.

இனிக் காஞ்சிக்கு வருவோம். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள்களை ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பும் மாவட்டம் இது. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் பட்டும் சரிகையும் வாங்கப் போவதும், நெய்த சேலையைக் கொண்டு கொடுப்பதும் இருசக்கர வண்டியில்தான். பள்ளத்தறியில் அமர்பவருக்குக் கைக்கு இணையாகக் காலும் வேலை செய்யவேண்டும். மிதிகட்டையை மிதித்தால்தான் பாவு பிரிந்து நாடாவுக்கு வழிவிடும். முழங்கால் மடங்காத நெசவாளருக்கு மருத்துவக் குழு 30 விழுக்காடு ஊனம் என்று சான்றளிக்கலாம். தறியைப் பொறுத்தவரை அது நூறு விழுக்காடு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் தெளிவாக்கியது: இடக்கை இழந்த தச்சருக்கு ஏறத்தாழ முழு வருமானமும் போகலாம், அரசு எழுத்தருக்கு வேலையே போகாதிருக்கலாம், உடலின் ஊனம் வேறு, பிழைப்பின் ஊனம் வேறு.

அடுத்த சிக்கல் வருமானம். 2009இன் சரளா வர்மா தீர்ப்பும் 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பும் கணக்கை ஒழுங்காக்கின. ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 35 வயது நெசவாளர், மாத வருமானம் 12,000, அவரை நம்பி நால்வர். அவர் இறந்தால் எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு கூட்டி, சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, ஆண்டுக் கணக்காக்கி 16ஆல் பெருக்க வேண்டும். 24,19,200 ரூபாய் வருகிறது. அந்த 12,000ஐ மெய்ப்பிக்க ஏட்டில் ஒன்றும் இல்லையென்று தீர்ப்பாயம் 6,000 என வைத்தால் மொத்தமும் பாதியாகிவிடும். கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்குக் கூலிப் பதிவு உண்டு. தனியார் முதலாளியிடம் சேலைக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணத்தில் கழித்துக்கொண்டு நெய்பவருக்கு என்ன சான்று இருக்கும்?

அவர் மனைவிக்கு அதுவும் இல்லை. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். கரை நாடாவை வீச இன்னொருவர் உடன் உட்காரவேண்டும். பல வீடுகளில் அது மனைவி. கூலி ஒரு சேலைக்கு, ஒரு பெயரில். இல்லத்தரசியின் உழைப்பை மதிப்பிடுவது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2009இல் எழுதிய தீர்ப்பை மறுஆண்டு உச்ச நீதிமன்றமே எடுத்தாண்டது. சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்றவரும் இவரே என்பது நம் வாசகர் சிலருக்குத் தெரிந்திருக்கும். சமையலறையைக் கண்ட அந்தக் கண் தறியின் மறுமுனையையும் காணவேண்டும் என்பது நம் ஆசை. இன்னொரு கொடுமையும் உண்டு. கணவர் ஓட்டும் வண்டியின் பின்னிருக்கையில் அவர் விழுந்தால், சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்சக் காப்பீட்டில் அவருக்கு இடமில்லை என்பது 2006இன் திலக் சிங் தீர்ப்பு. விரிவான பாலிசி இருந்தால் மட்டுமே அவருக்கு ஈடு.

தொகை கைக்கு வந்தபின் அதை என்ன செய்வது என்பதையும் நீதிமன்றங்கள் யோசித்திருக்கின்றன. சூசம்மா தாமஸ் தீர்ப்பு, சிறுவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் உரிய பணத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டு வட்டியை மட்டும் தரச் சொல்கிறது. முதல் நிற்க, நெய் வீட்டுக்குப் போகிறது. எழுத்தறியாதவர் பிழைப்புக்கு வேண்டிய பொருள் வாங்க முதலிலிருந்தும் எடுக்கலாம் என்று ஒரு விலக்கும் அதில் உண்டு. எடுத்துக்காட்டாக உழவுக் கருவிகளும் ரிக்ஷாவும் சொல்லப்பட்டிருக்கின்றன. தறியின் பெயர் இல்லை. 'முதலியன' என்ற சொல்லுக்குள் அது அடங்கும்.