பெங்களூர்த் தக்காளி

விடுமுறைக்கு ஊர் சென்று வரும் ஒவ்வொரு முறையும் நம்மவர் ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையிலோ சேலத்திலோ காய்கறிக் கடை முன் நின்றால் இரண்டு கூடைகளைக் காணலாம். ஒன்று நாட்டுத் தக்காளி. மற்றொன்று பெங்களூர்த் தக்காளி. முன்னது தட்டையாய், மெல்லிய தோலினதாய், கை அழுந்தினால் கசிவதாய், புளிப்பு மிக்கதாய் இருக்கும். பின்னது சற்று நீண்டு, கெட்டியாய் இருக்கும், ஒரு வாரமானாலும் எளிதில் குழையாது, புளிப்போ குறைவு. "உங்கள் ஊர்த் தக்காளி ஏன் இப்படி இருக்கிறது?" என்று உறவினர் நம்மையே குற்றவாளிகளாக்கிக் கேட்கின்றனர். பெங்களூரில் வாழும் நாமோ அப்பெயரை இங்கே எந்தக் கடையிலும் கேட்டதில்லை. நம் தெருவுக்கு வரும் தள்ளுவண்டிக்காரர் 'நாட்டி' என்றும் 'ஹைபிரிட்' என்றுமே விலை கூறுகிறார். ஓர் ஊரின் பெயர் அவ்வூரார் அறியாமலே ஒரு காயோடு ஒட்டிக்கொண்ட வரலாறு சுவையானது. நம் வீட்டுக் கொல்லையில் எந்தத் தக்காளியை நடலாம் என்ற வினாவுக்கும் அதில் விடை உண்டு.

தக்காளி என்னும் சொல் நமக்குப் பழையது. இன்று அச்சொல் குறிக்கும் பழமோ புதியது. மணத்தக்காளி நம் வேலியோரங்களில் தொன்றுதொட்டு வளர்ந்தது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சாரலில் தோன்றி, மெக்சிகோவில் பயிராகிப் பெருத்து, போர்த்துகீசியர் வழியே இந்தியக் கரைக்கு வந்ததாகக் கருதப்படும் இப்பழத்தை நம் முன்னோர் 'சீமைத் தக்காளி' என்றனர். நாளடைவில் சீமை உதிர்ந்தது, தக்காளி நின்றது. வந்தேறிய ஒன்று ஊர்ப்பெயரைத் தனதாக்கிக்கொண்டதைப் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் குறைகூற இயலாது.

பெங்களூரில் காய்கறித் தோட்டத்தின் கதையைச் சொல்லப் புகுந்தால் தமிழர் இடையே வந்தே தீர்வர். 1760ஆம் ஆண்டு ஐதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்தோடும், அதைச் சுற்றியிருந்த பூ, காய்கறித் தோட்டங்களோடும் திகளர் என்னும் மக்கள் நெருங்கிய தொடர்புடையவர்கள். தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்களைப் பற்றிய வழக்கு. திகளர் என்னும் சொல்லே பழங்கன்னடத்தில் தமிழரைக் குறித்ததாகும். பின்னர் 1809இல் ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்தை விட்டு இங்கு வந்து தண்டு அமைத்தது. படையைத் தொடர்ந்து தமிழ்க் குடும்பங்களும் வந்தன. வெள்ளையர் பங்களாக்களின் பின்புறத்தில் சீமைக் காய்கறிகள் பயிராயின. இங்கிலாந்தின் சட்டன் விதைக் கம்பெனியார் பொட்டலங்களில் அனுப்பிய வித்துக்கள் இந்தியத் தோட்டங்களில் பரவின. அவர்களுடைய 'பெஸ்ட் ஆப் ஆல்' என்னும் தக்காளியும், 1925இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட 'மார்குளோப்' என்னும் வகையும் நெடுநாள் பெயர் பெற்றிருந்தன.

இவ்வூரின் வானிலையும் தக்காளிக்கு உகந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவுகள் குளிர்ந்திருக்கும். தக்காளிப் பூ காயாவதற்குப் பகலைவிட இரவே முக்கியம். இரவின் வெப்பம் 15 முதல் 20 பாகை வரை இருந்தால் காய் நன்கு பிடிக்கும். அதற்கு வெகுவாக மிஞ்சினால் பூ உதிரும். தமிழகச் சமவெளியில் சித்திரை, வைகாசியில் செடி பசேலென்று நின்றும் காய் பிடியாமல் போவது இதனாலேதான்.

இந்தியா விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் இங்கு எழுந்த பெருந்தொழிற்சாலைகள் தமிழர் பலரை அழைத்து வந்தன. விமானத் தொழிற்சாலை 1940இலும், தொலைபேசித் தொழிற்சாலை 1948இலும், கைக்கடிகாரத்தால் பெயர் பெற்ற எச்.எம்.டி. 1953இலும், பாரத் மின்னணு நிறுவனம் 1954இலும் தோன்றின. தொழிலாளர் குடியிருப்புகளில் வீட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் மண் கிடைத்தது. கிடைத்த மண்ணில் கறிவேப்பிலையும் வாழையும் தக்காளியும் வைக்காத தமிழ்க் குடும்பம் அரிது.

என் தாயார் பெரியகுளம் பக்கத்தவர். திருமணமாகி இங்கு வந்தபோது முந்தானை முடிச்சில் தக்காளி விதை கொண்டு வந்ததாகச் சொல்வார். அது தட்டையான, காம்பருகில் பச்சை மாறாத, கடும்புளிப்புப் பழம். ரசத்துக்கு அதனை விட்டால் வேறு பழத்தை அவர் தொடமாட்டார். தேனி வட்டாரத்து அன்னஞ்சி என்னும் நாட்டு வகையிலிருந்து, செயற்கையாகத் தூண்டிய திடீர் மாற்றத்தின் வழியே, பெரியகுளம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் 1978இல் 'பி.கே.எம்.1' என்னும் வகையை வெளியிட்டனர் என்பதைப் பின்னாளில் படித்தபோது, எங்கள் கொல்லைச் செடியின் உறவினரைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன். கோயமுத்தூரில் அதற்கு முன்பே 1969இல் 'கோ.1' வெளிவந்திருந்தது. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தாரின் 'பூசா ரூபி'யும் நாடெங்கும் பரவியிருந்தது. இவை யாவும் விதையெடுத்து மறுபடி விதைக்கத்தக்க வகைகள் என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும்.

பெங்களூர் தன் பெயரைத் தக்காளிக்குத் தந்த கதை இதன்பின் வருகிறது. 1965இல் மன்மோகன் அத்தாவர் என்பவர் இந்நகரில் இந்தோ-அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1973இல் 'கர்னாடகா' என்னும் கலப்பினத் தக்காளியை விற்பனைக்கு விட்டது. இந்தியாவில் வணிக முறையில் வெளிவந்த முதற் கலப்பினத் தக்காளி அதுவே. இரு பெற்றோர் வகைகளைத் தனித்தனியே வளர்த்து, ஒன்றின் பூவிலிருந்து மகரந்தத் தாள்களை மொட்டிலேயே நீக்கி, மற்றொன்றின் மகரந்தத்தைக் கையால் தடவி எடுக்கும் வித்து அது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கை வேண்டும். ஆதலால் விலை மிகுதி, விளைவும் மிகுதி. கோலார், சிக்கபள்ளாபுரம் பக்கத்து உழவர் கலப்பின வகைகளை விரும்பி ஏற்றனர். விளைந்த பழம் லாரியேறிச் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் போக வேண்டியிருந்தது. இரவு முழுதும் குலுங்கினும் நசுங்காத தோலும் கெட்டிச் சதையும் உடைய வகைகளே வணிகர்க்கு உகந்தவை. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியமையால் அப்பழம் தமிழகச் சந்தையில் பெங்களூர்த் தக்காளி ஆயிற்று. எனவே உறவினர் நம்மீது சாட்டும் குற்றம் பெங்களூர் மண்ணின் குற்றமன்று, நெடும்பயணத்தின் குணம்.

கொல்லைத் தக்காளிக்குப் பயணம் ஏது? செடியிலிருந்து அடுப்புக்குப் பத்தடி. வீட்டுத் தோட்டக்காரர் கெட்டித் தோலைத் தேட வேண்டியதில்லை; அவருக்குப் பகை நோய்தான். அதனைக் கசப்பான முறையில் நாங்கள் கற்றோம். 2001ஆம் ஆண்டுக் கோடையில் என் தாயாரின் செடிகள் இலை சுருண்டு, மஞ்சள் பாய்ந்து, குறுகி நின்றன. நடவு செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு செடியும் காய்க்கவில்லை. முந்திய ஆண்டு விதையை மொத்தமாகத் தூவிவிட்டமையால் மீதம் ஒரு சிட்டிகையும் இல்லை. முப்பது ஆண்டு வந்த விதை ஒரே கோடையில் அற்றுப் போயிற்று. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் ரசத்தில் புளியைக் கூட்டிக் கரைத்தார்.

அந்நோய் இலைச்சுருள் நோய். வெள்ளை ஈ என்னும் சிறு பூச்சி அதன் வைரசைச் செடிக்குச் செடி கொண்டு செல்கிறது. அவ்வைரஸ் இனம் ஒன்றுக்கு அறிவியலார் பெங்களூரின் பெயரையே இட்டிருக்கின்றனர். நம் ஊருக்குத் தக்காளியால் வாய்த்த இரண்டாம் பெயர்! நட்ட 20 நாட்களுக்குள் நோய் கண்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் விளைவு போகும் என்பதை 1973லேயே ஆய்வாளர் எழுதினர். 1999இல் கோலார் வட்டாரத்தில் அயல்நாட்டு வெள்ளை ஈ வகையொன்று முதன்முதலாகக் காணப்பட்டபின் கேடு மேலும் மிகுந்தது. இதன் விளக்கத்தைப் பின்னாளில் படித்தபோதுதான் தாயாரின் விதைக்கு நேர்ந்தது புரிந்தது.

இந்நோய்க்கு எதிராக நம் நகரத்து ஆராய்ச்சியாளர் செய்த பணி பெரிது. நம்மில் பலர் அதனை அறியார். 1964இல் தோன்றிய பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், தைவானிலுள்ள உலகக் காய்கறி ஆராய்ச்சி மையம் முதலியோருடன் கூடி, இந்நூற்றாண்டின் முதலாண்டுகளில் 'சங்கராந்தி', 'நந்தி', 'வைபவ்' என்னும் மூன்று வகைகளைத் தந்தனர். மூன்றும் இலைச்சுருளைத் தாங்குவன, மூன்றிலும் விதையெடுக்கலாம். 1967இல் ஹெசரகட்டாவில் தொடங்கிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தாரின் வகைகள் 'அர்க்கா' என்னும் முதற்பெயர் தாங்குவன. அது அர்க்காவதி ஆற்றின் பெயர். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894இல், நகரின் குடிநீருக்காக அணையிட்ட ஆறும் அதுவே. 'அர்க்கா விகாஸ்' அமெரிக்க வகையொன்றிலிருந்து தேர்ந்தெடுத்தது, நீர்க்குறைவைத் தாங்கும். 'அர்க்கா மேகாலி' மானாவாரிக்கென்றே உண்டானது. 'அர்க்கா ஆபா'வும் 'அர்க்கா ஆலோக்'கும் வாடல் நோயை எதிர்ப்பன. 2010ஐயொட்டி வந்த 'அர்க்கா ரக்ஷக்' என்னும் கலப்பினம் இலைச்சுருள், வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் எதிர்ப்பது. அதன் செடியொன்று 18, 19 கிலோ காய்த்ததாக நாளிதழ்கள் எழுதின. அது தேர்ந்த உழவரின் வயற்கணக்கு, நம் தொட்டிக்கணக்கு அன்று.

எங்கள் குடியிருப்பில் சில வீட்டார் இவற்றுட் சிலவற்றைப் பக்கம் பக்கமாக நட்டுப் பார்த்தோம். பூசா ரூபி முந்திக் காய்த்தது. சுவையும் புளிப்பும் நன்று. ஆனால் தை, மாசியில் நட்டதெல்லாம் சுருண்டது. ஆனி நடவே அதற்கு ஏற்றது. பி.கே.எம்.1 குணமும் ஏறத்தாழ அதுவே. ரசம் வைத்த பெண்மணிகள் ஒருமுகமாக அதற்கே முதலிடம் தந்தனர். கோடை நடவில் நின்றது வைபவ். பழம் அழகியது, புளிப்பு மட்டு. இருநாள் நீர் ஊற்ற மறந்தும் பிழைத்தது அர்க்கா விகாஸ். ஓயாமல் காய்த்தது ரக்ஷக்தான்; ஆனால் அதன் பழத்திலிருந்து விதையெடுத்து விதைத்தவர் மறு ஆண்டு ஏமாந்தார். கலப்பினத்தின் பிள்ளைகள் தாயைப் போலப் பிறப்பதில்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று நோயாளி. மழைக்காலத்தில் பச்சைச் செடி திடீரெனத் தலை சாய்ந்தால் அதன் தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்துங்கள். வெட்டுவாயிலிருந்து பால்போல் இழை இறங்கினால் அது வாடல் நோய். அம்மண்ணில் அடுத்த முறை தக்காளியும் கத்தரியும் மிளகாயும் வேண்டா. அவரையோ கீரையோ வையுங்கள்.

நாற்றங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடி வளர்த்தால் நாட்டு வகைகளும் முதற் கண்டத்தைத் தாண்டும். அம்முறையில் நான்கு ஆண்டுகளாகப் பி.கே.எம்.1 விதையைக் காத்து வருகிறேன். நன்கு பழுத்த கனியைப் பிழிந்து இரண்டு நாள் நுரைக்க வைத்து, அலசி, நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டுவது தாயார் காட்டிய முறை. முழுவதையும் ஒரே பருவத்தில் விதைப்பதில்லை; பாதி அலமாரியில் இருக்கும். பொட்டலத்தின் மேல் ஆண்டை எழுதி வைக்கிறேன். ஆண்டு விழாவன்று பந்தலின் வாயிலில் அவற்றுள் இருபது பொட்டலங்கள் இருக்கும். வேண்டும் இல்லத்தார் எடுத்துச் செல்லலாம்.