அயோத்தியில் ஒரு கொரியப் பூங்கா

அயோத்தி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது பாபர் மஸ்ஜிதும் 1992 டிசம்பர் 6-ம் தான். அதே ஊரில், சரயு நதிக்கரையில், தென்கொரியாவுடனான நட்பின் அடையாளமாக ஒரு பூங்காவும் இருக்கிறது. 'ராணி ஹியோ ஹ்வாங் ஓக் நினைவுப் பூங்கா' என்பது அதன் பெயர்.

யார் இந்த ராணி?

13-ஆம் நூற்றாண்டில் இல்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா' என்ற கொரிய நூல் இவரது கதையைச் சொல்கிறது. கி.பி. 48-இல் 'அயுத்தா' நாட்டு இளவரசி ஒருவர் 16 வயதில் கப்பலேறி வந்து, கயா நாட்டு மன்னர் கிம் சுரோவை மணந்தார். கரையில் இறங்கியதும் தாம் உடுத்தியிருந்த பட்டாடையை மலைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைத்தாராம். சீதனமாக வந்தவற்றிலும் பட்டுத் துணிகள் இருந்தன. ஆரணி, சேவூர் பக்கம் தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது சுவையான செய்தி.

மகன்களில் இருவர் தாயின் குடும்பப் பெயரான 'ஹியோ'வை ஏற்றனர் என்பது மரபு. அதனால் கிம்ஹே நகரைப் பூர்வீகமாகக் கொண்ட கிம், ஹியோ வம்சத்தார் இன்றும் தங்களை ஒரே குடும்பமாகக் கருதுகிறார்கள். தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை என்பதும் அவர்களது வழக்கம்.

பூங்கா உருவான விதம்

2000-இல் அயோத்தியும் கிம்ஹேயும் சகோதர நகரங்களாயின. 2001-இல் கொரியக் குழுவினர் வந்து ராணிக்கு நினைவுச் சின்னம் திறந்தனர். அதை விரிவாக்கிப் பூங்காவாக்கும் பணிக்கு, 2018 நவம்பர் 6 அன்று அன்றைய தென்கொரிய அதிபரின் துணைவியார் கிம் ஜங் சூக் அடிக்கல் நாட்டினார். 2019-இல் இரு நாடுகளும் ராணியின் நினைவாக அஞ்சல்தலைகள் வெளியிட்டன.

உண்மை எவ்வளவு?

'அயுத்தா' என்பது அயோத்திதான் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரமில்லை. அந்தக் காலத்தில் அவ்வூர் சாகேதம் என்றே அறியப்பட்டது என்று வரலாற்றாளர்கள் சுட்டுகின்றனர். அது கடற்கரை ஊரும் அல்ல. தாய்லாந்தின் அயுத்தயா நகரோ 1350-இல் தான் எழுந்தது. கிம் சுரோ கல்லறை வாயிலில் உள்ள இரட்டை மீன் சின்னத்தைப் பாண்டியரின் மீனோடு ஒப்பிட்டு, இளவரசி தமிழகத்திலிருந்து சென்றவர் என்று கூறுவோரும் உண்டு. அதற்கும் உறுதியான சான்று கிடையாது.

ஆனால் நட்புக்கு வேறு சான்றுகள் இருக்கின்றன. கொரியப் போரின்போது இந்தியா படை அனுப்பவில்லை, மருத்துவர்களையே அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 1950-இல் சென்ற 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, காயமுற்ற வீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளித்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் கார் ஆலையில் தமிழரும் கொரியரும் சேர்ந்து உழைக்கிறார்கள்.

நிரூபிக்க முடியாத ஒரு பழங்கதை, இரண்டு நாட்டு மக்களை உறவினர்களாக எண்ண வைத்திருக்கிறது. அதற்காக யாருடைய இடமும் பறிக்கப்படவில்லை, யாருடைய வழிபாட்டுத் தலமும் இடிக்கப்படவில்லை. நம்பிக்கையை இப்படியும் பயன்படுத்தலாம் என்பதற்கு அயோத்தியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். கூடவே, கதை எது, வரலாறு எது என்று பிரித்தறியவும் பழக்குவோம்.